அட்டையில் இன்னும் உன் பேர்

பைண்டிங் பசையின் வாடை போகாத ஒரு கட்டு இன்று காலை என் மேசைக்கு வந்தது. நான்காம் வகுப்புக் கணக்குப் பயிற்சிப் புத்தகம், மறு அச்சு. இதில் ஆசிரியர் என்று உன் பேர் இருக்கக்கூடாது என்று போன வாரம்தான் மேனேஜரிடம் சண்டை போட்டிருந்தேன். இருக்கிறது.

பெரிய பதிப்பகத்தில் வேலை என்றால், ஏதோ அறிவை வளர்க்கிறோம் என்று ஊரில் நினைத்தார்கள். ஓசூர் தொழிற்பேட்டையில் இந்தப் பக்கம் பம்ப் கம்பெனி, அந்தப் பக்கம் பிஸ்கட் கம்பெனி, நடுவில் நாம். மத்திகிரி டவுன் பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவோம். வருஷா வருஷம் நமக்கு ஒரே உத்தரவுதான். கணக்குகளின் வரிசையைக் கலைக்க வேண்டும், பக்க எண்கள் மாற வேண்டும். அக்காவின் புத்தகத்தைக் கொண்டுவரும் தங்கை வகுப்பில் திருதிருவென்று விழிக்க வேண்டும். அதற்குப் பேர் புதிய பதிப்பு.

"ஏங்க சார், அக்கா படிச்ச புக்க தங்கச்சி படிச்சா கம்பெனி முழுகிப் போயிடுமா?" என்று நீ மேனேஜரிடம் நேராகவே கேட்டாய்.

"மேடம், நீங்க கணக்க மட்டும் பாருங்க. கம்பெனிய நாங்க பாத்துக்கறோம்."

நீயா கேட்பாய்? அட்டையின் நிறத்தை மாற்றினாய், கடைசியில் இரண்டு பக்கம் புதிர் சேர்த்தாய், உள்ளே எதையும் தொடவில்லை. "உள்ள எவன்டீ பிரிச்சுப் பாக்கறான்?" என்றாய். நிஜமாகவே எவனும் பார்க்கவில்லை. உத்தனப்பள்ளியில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே புத்தகத்தில் படித்தவர்கள். "என் கைக்கு வர்றப்ப அட்டையே இருக்காது. கணக்கு வந்துச்சில்ல?" என்பாய். அந்தப் பிடிவாதத்தை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்!

நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு விற்பனைப் பிரிவுக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். இப்போது கலைப்பதற்கு ஆளே வேண்டாம், கம்ப்யூட்டரே கலைத்துவிடுகிறது. இந்த வருஷம் பள்ளி திறந்ததும், என் கீழ்வீட்டில் குடியிருக்கும் அம்மா பழைய புத்தகத்தோடு மேலே ஏறி வந்தார்.

"உங்க கம்பெனி புக்குதானுங்க? பெரியவ நாலாவதுல படிச்சது இருக்குதேன்னு சின்னவகிட்டக் குடுத்தனுப்பினேன். பக்கம் ஒத்து வரலன்னு மிஸ்ஸு வெளிய நிக்க வெச்சிட்டாங்களாம்." அட்டையில் உன் பேரின் மேல் விரலை வைத்தார். "இந்தம்மா ஏனுங்க இப்படிப் பண்ணுது?"

அவள் பண்ணவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பவில்லை. அட்டையில் இருக்கிற பேரை விட்டுவிட்டு வேறு யாரைத் திட்டுவார்?

மறுநாளே மேனேஜரிடம் போனேன். கலைப்பதைத்தான் நிறுத்தமாட்டீர்கள், அவள் பேரையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். "இந்தப் பேருக்குத்தான் மேடம் ஸ்கூல்ல வாங்கறாங்க. செத்தவங்க என்ன, வந்து கேக்கவா போறாங்க?" என்றார். நான் கேட்கிறேனே என்று கத்தினேன். உனக்கு இருந்த கோபமெல்லாம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உன் சாமர்த்தியம்தான் இல்லை.

சாயங்காலம் கீழ்வீட்டுக்குப் போகப் போகிறேன். சின்னவளின் பழைய புத்தகத்தில் ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்திலும் புதிய பக்க எண்ணைப் பென்சிலால் எழுதிக் கொடுப்பேன். அந்த ஒரு வீட்டில் உன்னைத் திட்டமாட்டார்கள்.