ஒரு ஆடு பாக்கி

மரக்காணம்,
ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்கு முன்.

அன்பு மகன் ஃபைசலுக்கு உன் அத்தா லியாகத் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் நீயும் மருமகள் ஆஸிஃபாவும் கைக்குழந்தையும் அல்லாஹ்வின் காவலில் நன்றாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் உன் மகள் ஷமா பக்கத்தில்தான் நிற்கிறாள். வாய்ஸ் மெசேஜ் வந்தாலும் அவள்தான் முதலில் போட்டுக் கேட்கிறாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை; உப்பு மூட்டைமேல் இருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் படிக்கக் கற்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். விஷயத்தில் பிழை இல்லை.

உப்பளத்தில் இந்த வருஷம் மனசு விட்டுப்போயிற்று. சித்திரையில் பெய்த மழை, வார வேண்டிய உப்பைப் பாத்தியிலேயே கரைத்துவிட்டது. நம் அளத்து மேஸ்திரி சடையப்பன் ஆட்களை வைத்து மறுபடி தண்ணீர் கட்டியிருக்கிறான். உன் அம்மாவுக்கு முட்டிவலி. புதுச்சேரிக்குப் போய்க் காட்டலாம் என்றால், "புள்ளைய வுட்டுட்டு எங்க வர்றது?" என்கிறாள்.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சென்ற வருஷம் ஆஸிஃபாவை நீ அழைத்துக்கொண்டபோது என்னிடம் கேட்கவில்லை; டிக்கெட் போட்ட பிறகு சொன்னாய். அங்கே பள்ளிக்கூடச் செலவு தாங்காது, ஷமா ஒரு வருஷம் ஊரிலேயே படிக்கட்டும் என்றாய். நான் அன்றைக்கே வேண்டாம் என்றேன். "உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை அத்தா" என்று சொல்லி போனை வைத்தாய். அதை நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை.

மாசியில் அங்கே மகன் பிறந்தான். பிள்ளை பேரில் ஆடு அறுத்துக் கறி பங்கிடுகிற அகீகாவை ஊரில் கொடுத்துவிடுங்கள் என்று நீ சொன்னபடி இரண்டு ஆடு வாங்கினேன். கறிக்கடை ஷஃபிதான் அறுத்தான். தம்பி பேரில் கொடுக்கிற கறி என்று ஷமாவே தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. ஷஃபி சும்மா இருப்பானா? "உனக்கு ஒரு ஆடுதாம்மா அறுத்தேன். உன் தம்பி ரெண்டு ஆட்டுக்காரன்!" என்று கேலி செய்திருக்கிறான். ஆண் பிள்ளைக்கு இரண்டு, பெண் பிள்ளைக்கு ஒன்று என்பது நம் வழக்கம்தானே. நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அவள் ஒரு ஆட்டுக்குட்டி வளர்க்கிறாளே, சம்கி என்று பேர் வைத்துத் தன் தட்டிலிருந்தே ஊட்டுவாளே, போன வெள்ளிக்கிழமை அதைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு ஷஃபி கடைக்குப் போயிருக்கிறாள். "மாமா, இத என் பேருல அறுத்துடுங்க. எனக்கு ஒரு ஆடு பாக்கி இருக்குது" என்றாளாம். எதற்கம்மா என்று அவன் கேட்டதற்கு, "தம்பிக்கு ரெண்டு ஆடு குடுத்தீங்க, அவன அம்மா கூடவே வச்சிருக்காங்க. எனக்கு ஒண்ணுதான் குடுத்தீங்க, அதான் இங்க இருக்கேன். இன்னொண்ணு குடுத்துட்டா கூப்புட்டுக்குவாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

ஷஃபி கடையை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளையையும் ஆட்டையும் வீட்டில் கொண்டுவந்து விட்டான். "வெளையாட்டுக்குச் சொன்னேன் பாய், இப்புடி ஆயிடுச்சு" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். "ஏன் தாதா, அறுக்க மாட்டாங்களாமா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்திடம் கூட்டிப்போனேன். ஆட்டின் கணக்கு வேறு, பெற்றவர்களின் பாசம் வேறு, உனக்குக் கொடுத்தது முழுசாக நிறைவேறிவிட்டது, பாக்கி எதுவும் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஏன் என்னை வுட்டுட்டுப் போனாங்க?" என்றாள். ஹஸ்ரத் என் முகத்தைப் பார்த்தார். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பிமேல் பொறாமை என்று ஆஸிஃபா நினைத்துவிடப் போகிறாள். அப்படி இல்லை. எது வாங்கிக் கொடுத்தாலும் தம்பிக்குப் பாதி என்று எடுத்து வைக்கிறாள். மறுநாள் அதையும் அவளே தின்றுவிடுகிறாள், அது வேறு. வகுப்பில் சத்யப்ரியா என்ற பெண், "உனக்கு எங்கடி தம்பி? அவன் போன்லதான இருக்கான்" என்று சொல்லப்போய், இரண்டும் முடியைப் பிடித்துக்கொண்டன. டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டார். நான் ஷமாவைத் திட்டவில்லை.

நீ ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவன். எனக்கு மட்டும் ஏன் யாரும் இல்லை என்று சின்ன வயதில் உன் அம்மாவைத் துளைத்தெடுப்பாய். அல்லாஹ் தரவில்லையடா என்று அவள் சொல்லுவாள். உன் மகளுக்கு அல்லாஹ் தந்துவிட்டான். நீதான் தரவில்லை.

ஷமாவுக்கு ஐந்தாவதும் இங்கேயே முடியட்டும் என்று போனில் சொன்னாய். முடியாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்து கூட்டிப்போ. ஒரே அறைதான் இருக்கிறது என்றால் அந்த ஒரே அறையில் நான்கு பேரும் படுங்கள். அத்தா அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நீ நினைத்திருந்தால், அந்தத் துணையை நாங்கள் கேட்கவில்லை. உன் அம்மா நான்கு நாள் சாப்பிட மாட்டாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் கெஞ்சுவதாக எண்ணாதே; சொல்கிறேன்.

அவள் அங்கே வந்த பிறகு எப்போதாவது போன் போடு. எங்களோடு பேச வேண்டும் என்றுகூட இல்லை. தம்பி கொஞ்சம் வளர்ந்ததும், இரண்டும் சண்டை போடுகிற இடத்தில் போனை வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார். நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.

வல்ல அல்லாஹ் உங்கள் நான்கு பேரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காப்பானாக.

உன் அத்தா,
லியாகத் அலி