நாலாவது உடுக்கை

மே 6, செவ்வாய்

காலையிலேயே வெயில். ரேணிகுண்டா ரோட்டுப் பட்டறையின் தகரக் கூரை கொதிக்கிறது. வெதுருகுப்பம் வசந்தாக்கா தோட்டத்து மாமரப் பலகை, சாப்பாட்டு மேஜைக்கு. பட்டையோர வளைவை அப்படியே விடச் சொல்லியிருக்கிறார். அழகு. ஒரு முனையிலிருந்து நடுவரை விரிசல், அதுதான் கவலை. காற்றில் சாய்ந்த மரம். தேறியது இந்த ஒரே பலகை. பிளந்தால் வேறு கிடையாது.

விரிசலுக்குக் குறுக்கே உடுக்கை வடிவத்தில் தேக்குக் கட்டைகளைப் பதித்து இறுக்க வேண்டும். மூன்று போதும்.

கூட்டாளி பாஷா: "செம்மரத்துல போடலாமா? செவப்பா தூக்கும்."

"போடு. உள்ள போய் ரெண்டு பேரும் களி துன்னலாம்."

மே 7, புதன்

முதல் கட்டையை நார் பார்க்காமல் குறுக்கே அறுத்துவிட்டேன். தட்டியதும் இடுப்பில் முறிந்தது. இருபது வருஷ வேலைக்காரன்! பாஷா சிரித்த சிரிப்பில் டீயைக் கொட்டினான். மதியத்துக்குள் மூன்றும் உட்கார்ந்தன.

வாங்க: உப்புத்தாள், மெழுகு, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

மே 9, வெள்ளி

வசந்தாக்கா வந்தார். தடவித் தடவிப் பார்த்தார். "பாக உந்தி," நல்லா இருக்கு என்று தெலுங்கில் மெச்சினார். அப்புறம் எண்ணினார்.

"மூணா? சாப்புட்ற எடத்துல மூணு ஆகாது. இன்னொண்ணு வை."

"விரிசல் நடுவோட நின்னுச்சிக்கா. அதுக்கு மேல எங்க வெக்கிறது?"

"அதே வரிசைல, அப்பால. அங்க மொட்டையா கீதே."

நல்ல பலகையில் வீணாக ஒரு குழி. அரை நாள் உளி வேலை. எரிச்சல். ஆனாலும் அலங்காரம்தானே என்று ஏனோதானோவென்று செய்ய மனம் வரவில்லை. இறுக்கமாகவே அடித்தேன்.

மே 12, திங்கள்

மேஜை போய்விட்டது. பட்டறை வெறிச்சென்று. சொட்டு மருந்து இன்னும் வாங்கவில்லை, திட்டு.

மே 15, வியாழன்

ஆறு மணிக்கே வசந்தாக்கா போன். "விரிசல் நடந்துக்கினு கீதுப்பா." முதல் பஸ்.

மேஜையை ஜன்னலோரம் போட்டிருக்கிறார். நேர் வெயில். மூன்றாவது உடுக்கையைத் தாண்டி ஒரு சாண் ஓடிய விரிசல், நாலாவதில் முட்டி நின்றிருந்தது. அதற்கப்பால் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா.

"கணக்குப் போட்டுத்தான வெச்ச?"

"இல்லக்கா. நீங்க வெச்சது."

சொன்னதும் மனசு லேசானது. மேஜையை உள்ளே நகர்த்தினோம். அதிலேயே இட்லி. மூன்று தின்றுவிட்டு எழுந்தேன்.

"மூணோட எழுந்திருப்பியா?"

தட்டில் நாலாவது விழுந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.