மச்சான் கண்ணுக்கு நான் வைத்த சின்ன ஷீல்ட்

என் உயிரான மச்சானுக்கு,

இன்று குர்லாவில் செய்முறைப் பரீட்சை முடிந்தது. பாஸாகிவிட்டேன். தாராவி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உங்களைக் கூப்பிட வாய் திறந்துவிட்டது. உள்ளே யார் இருக்கிறார்கள், பதில் சொல்ல? அதனால்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? கொரியன் லேஷ் லிஃப்ட் வகுப்பில், பரீட்சைக்கு முன்னால் ஒருவருக்காவது இமை முடியைத் தூக்கி நிறுத்திப் போட்டோ காட்டச் சொல்லியிருந்தார்கள். வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுப் பெண் கடைசி நேரத்தில் பயந்து வரவில்லை. நீங்கள் ஜும்மா முடிந்து சாப்பிட வந்தீர்கள். நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நா படுக்கேன். எனக்குச் செய்யி.”

“ஒங்களுக்கா? ஆம்பளைக்கு யாரு இதச் செய்வா?”

“ஆம்பளைக்கும் இமையில முடி இருக்குல்லா. தொழுகைக்குத் தடை ஒண்ணும் வராதே?”

“எதையும் ஒட்ட வைக்கிறது இல்ல மச்சான். நம்ம சொந்த முடியத்தான் நிமித்தி விடுறது.”

பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மூன்று அளவில் சிலிக்கான் ஷீல்ட் கையில் இருந்தது. கண்ணிமை மேல் அதை வைத்து, இமை முடியை அதன்மீது ஏற்றிப் பசையால் படிய வைக்க வேண்டும். அது வளைந்திருக்கிற மாதிரியே முடியும் வளையும். உங்களுக்குச் சின்னக் கண். அதனால் சின்ன ஷீல்டை எடுத்தேன். உங்கள் இமை முடி எவ்வளவு நீளம் என்று யோசிக்கவே இல்லை. பதினோரு வருடம் பக்கத்தில் படுத்தவள், அது எனக்குத் தெரியாதா? மருந்து தடவுவதற்குள் நீங்கள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஷீல்டை எடுத்துப் பார்த்தால், முடியெல்லாம் பின்னால் மடங்கி இமையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கண்ணாடியைக் கொடுக்கவே கை வரவில்லை. நீங்கள் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: “என்ன புள்ள, பேயப் பாத்தவன் மாதிரில்லா முழிக்கேன்!”

மறுநாள் தோல் பட்டறையில் “ஹீரோயின் ஆயி ரே!”, ஹீரோயின் வந்துவிட்டாள் என்று ஒரே கூத்தாம். வந்து சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் விளக்கடியில் உட்கார்ந்து, “வா, வந்து பாரு” என்று முகத்தைக் காட்டினீர்கள். என்னைச் சீண்டுகிறீர்கள் என்று நினைத்தேன். ஒருநாள் கோபத்தில் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். தூங்குவது போல இருக்கிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை மச்சான். அந்த முடி அப்படியே நிமிர்ந்து நின்றது. இப்போது கண்ணைத் திறந்துவிடுவீர்கள் போல இருந்தது. கஃபன் துணியை மூடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்படியா உங்களை அனுப்பிவைப்பது என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். ஏன் அடித்துக்கொள்கிறேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

வெளியே போகாமல் இத்தாவில் இருந்த நாலு மாதமும் பத்து நாளும் அந்த ஷீல்டும் பசையும் இருந்த பெட்டியைத் திறக்கவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது ஒருநாள் உங்களோடு வேலை செய்த ரஃபீக்கின் பெண்சாதி வந்தாள். பேச்சோடு பேச்சாக, “பட்டறையில கிண்டல் தாங்காம எங்க வீட்டுக்காரரே கத்திரிய எடுத்துக் குடுத்தாகளாம், அந்த இமை முடிய வெட்டி விட்டுரு பாய்னு. ஒங்க வீட்டுக்காரரு கேக்கலையாம்” என்றாள்.

“ஏனாம்?”

“‘எங்க தப்புச் செஞ்சோம்னு அவ பாத்துப் படிக்கணும்லா. அதுவரைக்கும் கெடக்கட்டும்’னு சொன்னாகளாம்.”

அவள் போன பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அதற்காகவா மச்சான் தினமும் விளக்கடிக்குக் கூப்பிட்டீர்கள்? வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? நான் திரும்பிப் படுத்துக்கொண்ட அன்று என்ன நினைத்தீர்கள்? இனி யாரிடம் கேட்பது? பெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை; இத்தா முடிந்ததும் மறுபடி அந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

இன்று பரீட்சைக்கு வந்து படுத்த பெண்ணுக்கும் கண் சின்னது, முடி நீளம். பசை தொடாமல் மூன்று ஷீல்டையும் ஒவ்வொன்றாக வைத்து முடியை மேலே சீவிப் பார்த்தேன். சின்னதில் நுனி விளிம்பைத் தாண்டி மடங்கியது. நடுவில் உள்ளதில் விளிம்பை முட்டியது. பெரியதில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. பெரியதை எடுத்தேன்.

டீச்சர் பக்கத்தில் வந்து, “சின்னக் கண்ணுக்கு ஏன் பெருசு?” என்று இந்தியில் கேட்டார்.

“முடியோட நீளத்தத்தான் பாக்கணும் மேடம், கண்ணோட அளவ இல்ல” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

“நான் வகுப்பில் அதைச் சொல்லவே இல்லையே. யார் சொல்லிக் கொடுத்தது?”

“எங்க வீட்டுக்காரரு” என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து செம்பூரில் ஒரு பார்லரில் வேலை. தனியாக ரயிலேறிப் போக இன்னும் பயம்தான். ஆனாலும் போவேன் மச்சான். என்னை நம்பிக் கண்ணை மூடிப் படுக்கிற ஒருவரையும் நான் அவசரத்தில் தொடமாட்டேன். அல்லாஹ் சாட்சியாக உங்களுக்கு நான் தரும் வாக்கு இது.

உங்கள் தாய்மாமன் மகள்,
உங்கள் வீட்டுக்காரி,
ஜுலைகா