கைப்பிடி காயாத நான்கு நாட்கள்

அத்தை,

இன்று காலை மரச்சாய டப்பாவின் மூடியை நெம்பித் திறந்ததும் அந்த நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. உடனே மாடியைப் பார்த்து, "அத்தை, இன்னைக்குக் கீழ எறங்கிடாதீங்க" என்று குரல் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது நினைவுக்கு வந்தது. உங்கள் மகன் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, உங்களுக்குத் தெரியாததா.

மூன்று நாளாக உப்புத்தாளை வைத்து மாடிப்படிக் கைப்பிடியைத் தேய்த்தேன். பழைய வார்னிஷ் முழுக்கப் போய், மரம் வெறும் மரமாகத் தெரிந்த பிறகுதான் இன்று டப்பாவைத் திறந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் இந்தத் தேய்க்கிற வேலையை நான் செய்யாமல் விட்டதால் வந்த வினை உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

மாமா தேயிலை ஃபேக்டரியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது எஸ்டேட் கொடுத்த வீடு இது. வெள்ளைக்காரத் துரை காலத்துப் பங்களாவை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். நம் பக்கத்துக்கு மாடிப்படி வந்தது, பக்கத்து வீட்டுக்குக் கணப்படுப்பு போனது. வீட்டில் யாராவது ஒருவர் பேர் எஸ்டேட் வேலைப் புத்தகத்தில் இருக்கும்வரை வீடு. பேர் இல்லையென்றால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். மாமாவின் கருமாதி முடிந்த அன்று மத்தியானம், ஆபீசிலிருந்து வந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சாப்பிட்ட இலைகூட எடுக்கவில்லை.

"யாரு பேரு குடுக்கிறீங்கன்னு மேனேஜர் கேட்டாருமா."

உங்கள் மகன் அப்போதே கியா பார்மிலிருந்து காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். எஸ்டேட் வேலை செத்தாலும் வேண்டாம் என்பார். கொழுந்தனார் மலைக்குக் கீழே கிள்ளானில். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் தலையைக் குனிந்து புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். புருஷனும் போய் வீடும் போகப் போகிறதே என்று இந்த மனுஷி வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவிக்கிறாள் என்று நான் நினைத்தேன். பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் முன்மேசை வேலை எனக்கு. சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

"நான் குடுக்கிறேன்" என்றேன்.

நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து இருபத்திரண்டு வருடம், ஃபேக்டரியில் தேயிலை சலிக்கிற அறையில், தூள் பறக்க, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை, மலைமேல் பாத்தி பாத்தியாய்த் தேயிலை. ஊரெல்லாம் காரில் வந்து அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறது. எனக்கு அது கதவைச் சாத்தி வைத்தது போலத்தான் இருந்தது. சாத்தியது நீங்கள் என்று நினைத்தேன். சோற்றை உங்கள் தட்டில் வைக்கிறபோது கரண்டி ஏன் சத்தம் போட்டது என்று இப்போது புரிகிறதா?

இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் தீபாவளி நெருங்கியபோது எனக்கு ஒரு வேகம் வந்தது. இத்தனை வருடம் இருந்தும் இந்த வீட்டில் நான் ஆசைப்பட்டு மாற்றியது ஓர் ஆணிகூடக் கிடையாது. கைப்பிடி வெளிர் மஞ்சளாக, கை பட்ட இடமெல்லாம் அழுக்கேறிக் கிடந்தது. டவுனில் போய்க் கறுத்த காப்பி நிறத்தில் ஒரு டப்பா சாயம் வாங்கி வந்தேன். நீங்கள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"எஸ்டேட் வீட்டுக்கு எதுக்குச் சாயம்? நாளைக்கே காலி பண்ணச் சொன்னா, கைப்புடிய கழட்டித் தூக்கிட்டா போவ?"

"நான் இருக்கிற வரைக்கும் கண்ணுக்கு நல்லா இருக்கட்டுமே அத்தை."

"தூசி கெளப்பாத. எனக்கு இருமல் வரும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், சத்தியமாக உங்கள் இருமலை நினைத்து அல்ல, கோபத்தில்தான், உப்புத்தாளைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டுப் பழைய வார்னிஷ் மேலேயே சாயத்தை அடித்தேன். அடைமழைக் காலம் வேறு. மலையே மூட்டத்துக்குள் இருந்தது. துவைத்த துணியே நான்கு நாள் ஈரமாகக் கிடக்கும் ஊரில், மரத்துக்குள் இறங்க வழியில்லாத சாயம் எப்படிக் காயும்? மறுநாள் காலை நீங்கள் கீழே வரக் கைப்பிடியைப் பிடித்தீர்கள். வெல்லப்பாகில் கை வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினீர்கள்.

உங்கள் முட்டிக்குக் கைப்பிடி இல்லாமல் பதினான்கு படி இறங்க முடியாது. உங்கள் மகன் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றதற்கு, "நான் என்ன கோஸ் மூட்டையா" என்று கேட்டு அனுப்பிவிட்டீர்கள். மாடியில் குளியலறை இருந்ததால் பிழைத்தோம். நான்கு நாள் நீங்கள் மேலேயே இருந்தீர்கள். லீவு போட்டுவிட்டு நானும் இருந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு எதையும் தொடாமல் ஏறினேன், எதையும் தொடாமல் இறங்கினேன். கீழே டிவி, மேலே நாம் இரண்டு பேர். முதல் இரண்டு நாள் மழையைப் பற்றித்தான் பேசினோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள். "இப்பிடி மேல மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கிறதுக்கு, அப்பவே சின்னவன் கூட கிள்ளானுக்குப் போயிருக்கலாம்."

"எப்பவே?"

"உங்க மாமா போனப்பதான். இந்தக் குளிரு எனக்கு என்னைக்கு ஒத்துக்கிச்சு? கருமாதி அன்னைக்கு எப்பிடிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன். அதுக்குள்ள நீ பேரு குடுத்துட்ட."

ரசக் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன்.

"அப்ப ஏன் அத்தை சொல்லல?"

"மொத நாளு வேலைக்குப் புதுப் பொடவ கட்டிக்கிட்டுப் போனியே. சரி, பொண்ணு நெரந்தர வேலைன்னு ஆசைப்படுது போலன்னு நெனச்சேன். நான் கெளம்பிட்டா வீடு எதுக்கு, வேலை எதுக்குன்னு இவன் உன்னை நிப்பாட்டிடுவான். உனக்காகத்தான்லா இருந்தேன்."

அன்று காலை கண் வீங்கியிருந்தது அத்தை. முகத்தைப் பார்க்காமல் புடவையைப் பார்க்கட்டும் என்றுதான் புதுசு கட்டினேன். நீங்களும் சரியாகப் புடவையைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

இதைக் கேட்டு நாம் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அது இல்லை. எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்து, பின்கட்டில் நின்று, மழையில் நனைந்துகொண்டே பாத்திரத்தை விளக்கினேன். விளக்கின பாத்திரத்தையே திரும்பத் திரும்ப விளக்கினேன். இருபது வருடம். ஆளுக்கு இருபது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, உங்கள்மேல் பட்டேன். நான்காம் நாள் சாயம் கரைக்கிற தின்னரை ஊற்றித் துடைத்தேன். அங்கங்கே திட்டுத்திட்டாக நின்ற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் இறங்கி வந்தபோதுகூட நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒருநாள், "இப்பயாச்சும் போலாமா அத்தை?" என்று கேட்டேன். "இனிமே எங்க போறது? இந்த முட்டிய வச்சிக்கிட்டுப் புது எடத்துல எந்தச் செவத்தப் புடிச்சி நடக்கிறது" என்றீர்கள். அதற்குமேல் நாம் அதைப் பேசவில்லை. அதன்பிறகு நான் பரிமாறும்போது கரண்டி சத்தம் போடவில்லை, அதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியாது.

இப்போது வேலையை விட்டுவிட்டேன். முதல் தேதி சாவியை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் இந்தக் கைப்பிடியையாவது ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டுப் போக நினைத்தேன். ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று பிரிஞ்சாங் போய், அந்த ஹோட்டல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். முன்மேசையில் என் அப்போதைய வயதில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அறை வேண்டுமா என்று கேட்டாள். இல்லை, சும்மா பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். லெம்பா பெர்த்தாமில் உங்கள் மகனின் முதலாளி தோட்டத்து வீடு ஒன்று தருகிறார். மாடி கிடையாது. இவர் லோரி ஓட்டும்வரைதான் அந்த வீடும். சிரிக்காதீர்கள்.

இன்று சாயம் அடித்து முடித்த கையோடு, இந்த வீட்டுக்கு அடுத்து வரப் போகிறவர்கள் பார்க்க வந்தார்கள். புதிதாக ஆபீசில் சேரும் ஒரு பெண், முப்பது இருக்கும், அவளுடைய மாமியார். புருஷன் டவுனில் கடை வைத்திருக்கிறானாம். "மருமக பேர்லதான் வீடு" என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார். நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"உங்கள்ல யாருக்கு இந்த வீடு வேணும்?" என்றேன். "ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டீங்களா?"

அந்த அம்மா, "இது என்ன கேள்வி" என்று சிரித்தபடி பின்கட்டைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பெண் போகவில்லை. காயாத கைப்பிடிக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க உங்க மாமியார கேட்டீங்களா அக்கா?"

"இல்ல."

"ஏன் கேக்கல?"

அவளிடம், தோணவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய். உங்களிடம் சொல்கிறேன். கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்களோ என்று எனக்கு எங்கோ ஓர் ஓரத்தில் பயம் இருந்தது. நீங்கள் வேண்டாம் என்றிருந்தால், மாமியாருக்காக ஹோட்டல் வேலையை விட்ட மருமகள் என்று ஊர் சொல்வதும் எனக்கு இல்லாமல் போயிருக்கும். ஹோட்டலில் கோட்டு போட்டதைவிட அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் இத்தனை வருடம் உங்களை முறைத்தேன், உங்களையும் இந்தக் குளிரில் வைத்திருந்தேன். சாவியை முதல் தேதி ஆபீசில் கொடுத்துவிடலாம். இந்தப் பேரை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை, அத்தை.

உங்கள் மருமகள்
கலா