பஸ்ஸில் கொண்டுபோன கேன்

ஆகஸ்ட் 12, 1998. புதன்.

இவருக்கு டிபி என்று தெருவில் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. ஊசி மருந்தைக் கிட்னி தாங்குகிறதா என்று டாக்டருக்குச் சந்தேகம். ஒரு நாள் முழுவதும் போகிற மூத்திரத்தைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். காலையில் அந்தக் கேனைப் பையில் வைத்துக் கரமனையில் பஸ் ஏறினேன். எதிர்வீட்டு விசாலம் மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நன்னாரி சர்பத்தா? நல்ல செவப்பா இருக்கே!"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை மாமி. அவரோட மூத்திரம். டிபி மாத்திரையால இந்த நிறம். கிட்னிக்கு டெஸ்ட்" என்றேன். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இங்க தா. பிரேக் போட்டா சிந்திடப் போறது" என்று கேனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பழவங்காடியில் இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் ரிசல்ட்டைப் பார்த்த மலையாளி டாக்டர், "கிட்னிக்கு ஒண்ணும் குழப்பமில்ல, கேட்டோ. ஊசியைத் தொடரலாம்" என்றார்.

விளக்கு வைத்த நேரத்தில் மாமி வாசலில் வந்து நின்று, "என்னடீ ஆச்சு?" என்று கேட்டார். இத்தனை நாள் ஆள் வந்தால் உள்ளே போய்விடுகிற இவர், தானே எழுந்துபோய்ப் பதில் சொன்னார். அடுத்த வீட்டுக்கும் கேட்கிற குரலில்.