தகரம் அடித்த வீடு

செஞ்சி
16.5.2021

அன்புள்ள மணிமொழிக்கு,

உன் வீட்டில் எல்லோரையும் அங்காளம்மன் காப்பாற்றட்டும். போனில் பேசாமல் பால் வண்டி தனசேகரனிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேனே என்று பார்க்காதே. போன்மேல் நம்பிக்கை போய்விட்டது.

உன் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று புதன்கிழமை உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். வியாழன் காலையே டெஸ்ட் எடுக்க ஆள் வந்துவிட்டது. நேற்று ஆம்புலன்சில் ஏற்றிப்போனார்கள். வாசலில் தகரம் அடித்தார்கள். கடைத்தெருவில் இத்தனை வருஷம் துணி விற்ற மனுஷனைத் திருடனை ஏற்றுவதுபோல ஏற்றினார்கள். எதிர்வீட்டு அரங்கநாதன் மாடியிலிருந்து படம் எடுத்தார்.

நீ சுகாதார நர்ஸ். காய்ச்சல்காரரைச் சொல்வது உன் வேலை. ஒன்று, போனை யாரோ ஒட்டுக்கேட்டிருக்க வேண்டும். இல்லை, நீ சொல்லியிருக்க வேண்டும். எது என்று நீயே எழுது.

உன் அண்ணி
ஜெயம்


அனந்தபுரம்
18.5.2021

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சொல்லவில்லை. நீங்கள் அழுததால், டெஸ்டுக்கு நீங்களே கூட்டிப்போங்கள் என்றதோடு விட்டுவிட்டேன். அண்ணன் வார்டில் தெரிந்த நர்ஸிடம் கேட்டேன். நன்றாகச் சாப்பிடுகிறாராம், பக்கத்துக் கட்டில்காரரிடம் அரசியல் பேசுகிறாராம்.

ஆள் பற்றவில்லை என்று என்னைச் செஞ்சிக்குப் போட்டிருக்கிறார்கள். நேற்று உங்கள் தெருவில் காய்ச்சல் கணக்கெடுக்க வந்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. அரங்கநாதன் வீட்டுக்குள் இருமல் கேட்டது. அவர் மனைவி செல்லம்மாள் ஜன்னல் வழியாக, “அது டிவி சத்தம். கூடப் பொறந்தவனையே புடிச்சிக் குடுத்தவ, எங்களை வுடுவியா?” என்றார்.

இதை அவரிடம் யார் சொன்னது அண்ணி? தகரத்துக்கு வெளியே நின்று உங்களையும் கூப்பிட்டேன். நீங்கள் வரவில்லை.

அன்புடன்
மணிமொழி


செஞ்சி
20.5.2021

மணிமொழிக்கு,

நான்தான் சொன்னேன், மாடிக்கு மாடி பேசிக்கொண்டிருந்தபோது. நீ கூப்பிட்டது காதில் விழுந்தது. உன் கையில் போன் இருந்தது. என்னையும் படம் எடுத்து அனுப்பத்தான் வந்தாய் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜெயம்


செஞ்சி
27.5.2021

மணி,

உன் அண்ணன் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டார். சோறு போட்டுக்கொண்டே உன்னைத் திட்டினேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “மணி இல்ல, நான்தான்” என்றார்.

பதிவு செய்த குரலில் ஒரு போன் வருமே, காய்ச்சல் இருந்தால் ஒன்றை அழுத்தவும் என்று. வந்தால் இல்லை என்று இரண்டை அழுத்தச் சொல்லியிருந்தேன். இவர் தோட்டத்துப் பக்கம் போய் ஒன்றை அழுத்தியிருக்கிறார். “உனக்கு வீசிங். வந்தா தாங்க மாட்டே. சொன்னா வுட்டிருப்பியா?” என்றார்.

நேற்று அரங்கநாதன் போய்விட்டார். மூச்சு முட்டிய பிறகுதான் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். உடம்பை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்று செல்லம்மாள் உனக்குக் கதவைத் திறந்திருப்பாள். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை.

ஜெயம்


அனந்தபுரம்
28.5.2021

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன்மேல் கோபப்படாதீர்கள். என்மேல் நீங்கள் பட்ட கோபத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். இப்போது எனக்கு அதற்கு நேரமில்லை.

செல்லம்மாள் டெஸ்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை உங்கள் தெருவுக்கு மறுபடி வருகிறேன். தகரத்தை எடுத்துவிட்டார்கள் அல்லவா? மாடியில் நின்று சொன்னதை, அதற்குள் ஒவ்வொரு வாசலுக்கும் போய் மாற்றிச் சொல்லுங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளி நின்று பேசுங்கள்.

மணிமொழி


செஞ்சி
30.5.2021

அன்புள்ள மணிக்கு,

போய்ச் சொன்னேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், நாத்தனாரைக் காப்பாற்றப் புருஷன்மேல் பழி போடுகிறாயா என்றார்கள். இவரே வாசலுக்கு வந்து, “நான்தாங்க அழுத்துனேன்” என்று சொல்லியும் நம்பவில்லை. நான் உன்னை நம்பாததுபோலத்தான் அவர்களும்.

செல்லம்மாள் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். கதவு திறக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அழவுமில்லை, திட்டவுமில்லை.

“அந்த நர்சுப் பொண்ணு எப்ப வருது?” என்றாள்.

நாளைக்கு என்றேன்.

“அது மட்டும் வரட்டும். நீ இந்த வாசல மிதிக்காதே.”

நாளை நான் வெளியே வரமாட்டேன் மணி. நீ எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே அங்கே போ. பேசும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

உன் அண்ணி
ஜெயம்