அறுந்தா முடிஞ்சிக்கலாம்

நேற்று மாலை ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணின் பை வார் அறுந்து, புத்தகங்கள் காலடியில் சரிந்தன. அவள் ஒரு கணம் அதையே பார்த்தாள். பிறகு தோழியிடம், "அறுந்தா முடிஞ்சிக்கலாம், வுடுபா" என்றாள். ஆட்டோவே சிரித்தது.

"இதை முதல்ல யார் சொன்னது, தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல சார். சும்மா சொல்றதுதான்."

அதை முதலில் சொன்ன உன் பெயரும் போய்விட்டதடா. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் பெயர் போய் வெகுகாலம் ஆகிறது. நீயும் வந்து சேர் என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நம் ஊர் கேபிளில் ஞாயிறுதோறும் வந்த நகைச்சுவைத் தொடரில் பிறந்தது அந்த வாக்கியம். கல்யாண வீடியோ எடுப்பவரின் கேமரா, ஒரு சத்திரத்து மாடி, வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரனுக்கும் ஓயாத சண்டை. எழுதியது நான், தமிழ் எம்.ஏ. குடித்தனக்காரன் நீ. பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டிவிட்டு நேராகப் படப்பிடிப்புக்கு வருவாய்.

அன்றைய காட்சியில் துணிக்கொடி அறுந்து, வீட்டுக்காரரின் வேட்டி சேற்றில் கிடக்கிறது. அவர் கத்துகிறார். நீ தலையைச் சொறிந்து, சற்று நின்று, நான் ஒரு வாரம் இழைத்து எழுதிய ஐந்து வரிச் சிலேடையைச் சொல்ல வேண்டும். சொறிந்தாய். நின்றாய். சிலேடை மறந்துவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் உங்கள் வீட்டுத் தறியில் இழை அறும்போதெல்லாம் உன் அம்மா சொல்லும் இந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துவிட்டாய். கேமராக்காரர் சிரித்ததில் படமே ஆடியது. "இன்னொரு தபா எடுக்கலாம்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த வாரம் எதுவும் மறக்காமலேயே அதைச் சொன்னாய். அதற்கடுத்த வாரம் ஊரே காத்திருந்தது. ஓரிக்கையில் பேருந்து நின்றுபோனால் நடத்துனர் சொன்னார். கோயிலில் மணிக்கயிறு அறுந்தபோது பட்டாச்சாரியார் ஒருவர் வாய்க்குள் முணுமுணுத்ததை நானே கேட்டேன். கல்யாண நிச்சயம் நின்றுபோன ஒரு வீட்டிலும் யாரோ சொன்னாராம். அங்கே மட்டும் அடி விழுந்ததாம்.

அப்படி என்ன இருக்கிறது அதில் என்று டீக்கடையில் உன்னிடம் கேட்டேன்.

"நீ எழுதறது ஜோக்கு, வாத்தியாரே. ஒரு தபா கேட்டா தீந்துடும். நான் இன்னா சொல்லப் போறேன்னு அவங்களுக்கே தெரியும். தெரிஞ்சிக்கினே காத்துக்கினு இருக்கறதுல ஒரு ருசி இருக்குதுபா. கடைல முந்தானிய கடசிலதான் பிரிப்பேன். உள்ள அது இருக்குதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியாதா?"

"அப்ப எந்த வார்த்தையும் போதுமா? கத்தரிக்கான்னு சொல்லிப் பாரு."

மறுவாரமே சொன்னாய், பாவி. "கத்தரிக்கா, வுடுபா." ஒரு வீட்டிலும் சிரிப்பில்லை. தெருவில் உன்னை நிறுத்தித் திட்டினார்கள்.

ஆகவே காத்திருப்பு மட்டும் காரணமில்லை. நான் கண்டவரை, ஜனங்களுக்குக் கேட்க ஒன்று வேண்டியிருக்கவில்லை. சொல்ல ஒன்று வேண்டியிருந்தது. என் சிலேடையை அவர்கள் ரசிக்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. இதை எடுத்துப்போனார்கள். எதையும் சரிசெய்யாது, ஆனால் எதற்கும் பொருந்தும். வெளியூர் விருந்தாளி "இன்னாது?" என்று விழித்தால் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். புரிந்தவன் நம்ம ஊர்.

தொடரின் ஆண்டு விழாவில் உனக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் நீ சொன்னாய்: "வசனம்லாம் நம்மளே போட்டுக்கறதுதாங்க." நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றோடு உன்னிடம் பேச்சு நின்றது. பிற்பாடு டீக்கடைக்காரரிடம் நீ சொல்லியனுப்பியதும் அதே "அறுந்தா முடிஞ்சிக்கலாம்"தான். "மேடையில சொன்னவன் மேடையிலயே வந்து சொல்லட்டும்" என்றேன். நீ வரவில்லை. இன்றுவரை நான் அதை மன்னிக்கவில்லை. நீ இல்லை என்பதற்காக மன்னிக்கப்போவதும் இல்லை.

உன்னைத் தூக்கியபோது பாடையில் கட்டியிருந்த மாலை அறுந்து விழுந்தது. தெருவே நின்றது. பல உதடுகள் பிரிந்ததைப் பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு மேளம் மறுபடி முழங்கியது.

அந்தக் கணத்தை எனக்குத் தெரியும். நேற்று அந்தப் பெண்ணும் அந்த இடைவெளி விட்டுத்தான் சொன்னாள். இடைவெளி விடாமல் சொல்பவருக்கு யாரும் சிரிப்பதில்லை. பல வருஷமாகக் கவனித்துவருகிறேன். நான் எழுதிய தாளில் உன் வசனத்துக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் இருந்தது: சற்று மௌனம். அன்று நீ வசனத்தைத்தான் மறந்தாய். அதை மறக்கவில்லை. வார்த்தை உன் அம்மாவுடையது. மௌனம் என்னுடையது.

"சார், இந்த முனைய கொஞ்சம் புடிங்களேன்" என்றாள் அந்தப் பெண். பிடித்தேன். இழுத்து முடிந்தாள். முடிச்சு நின்றது. என்னைப் பார்த்தாள், நான் அதைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள்போல. உன் வாக்கியத்தை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். நேற்றும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் வரும் என்னுடையதை மட்டும் சொன்னேன்.